கவர்னருக்குத் தீர்த்தம் கொடுத்தவர்

சம்பந்தமூர்த்தி குருக்களின் அப்பா, இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும், அந்தஸ்தில் உயர்ந்துகொண்டே இருந்தார். படத்தைச் சுவரில் மாட்டிய புதிதில் அவர் ஒரு தாசில்தாருக்குத்தான் தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். குருக்களின் மகன் பிரதோஷுக்கு பெங்களூரில் வேலை கிடைத்த வருஷம் தாசில்தார் போய் கலெக்டர் துரை வந்தார். பிரதோஷ் அங்கேயே ஃபிளாட் வாங்கியதும் கவர்னர். அடுத்து வைஸ்ராய்தான் பாக்கி. ஆனால் குருக்களின் மனைவி உண்ணாமுலை, கவர்னரோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று சொல்லிவிட்டதால் வைஸ்ராய்க்கு அந்தப் பாக்கியம் இல்லாமல் போயிற்று.

படம் என்னவோ உள்ளங்கை அகலம்தான். அதைச் சுற்றித் தங்க நிறத்தில் ஒரு அட்டை, அட்டையைச் சுற்றித் தேக்குச் சட்டம், சட்டத்துக்கு மேலே சின்ன விளக்கு. எல்லாமாகச் சேர்ந்து கூடத்தின் தெற்குச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. படத்தில் பின்னால் ஒரு கோபுரம். முன்னால் குடுமியும் பூணூலும் பட்டை விபூதியுமாக ஒருவர், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, சின்னக் குடம் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தார். குடத்தின் வயிற்றில் ஒரு காளைத் தலை. சிவன் கோயில் குடத்தில் நந்தி இல்லாமல் வேறு என்ன இருக்கும்? வலது ஓரத்தில், தங்க அட்டை மறைத்தது போக, வெள்ளைக் கையுறை போட்ட ஒரு விரல் நுனி தெரிந்தது. அந்த விரல்தான் கவர்னர்.

கோபுரம் நம் ஊர் கோபுரம் மாதிரி இல்லையே, வெங்காயத்தை அடுக்கி வைத்தாற்போல இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் சில பேர் கேட்டதுண்டு. "அந்தக் காலத்துல அப்படித்தான் இருந்தது" என்பார் குருக்கள். எந்தக் காலத்தில் என்று கேட்கிற அளவுக்கு யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

படம் வந்த கதை சின்னதுதான். குருக்கள் அப்போது கிரிவலப் பாதையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூஜை செய்துகொண்டிருந்தார். செங்கம் ரோட்டுப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தினமும் வந்து மூலையில் உட்கார்ந்திருப்பார். ஊருக்குத் திரும்புகிற அன்று வர்ணத்தில் வரைந்து அச்சடித்த ஒரு பழைய அட்டையைக் குருக்கள் கையில் வைத்து, தன் அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது, உங்கள் ஊர், உங்கள் ஆள் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். குருக்களுக்குத் தெரிந்த ஆங்கிலமும் அதே அளவுதான் என்பதால் விஷயம் சுலபமாகப் புரிந்தது.

புரிந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம் ஏற்கெனவே இருந்தது. சம்பந்தமூர்த்தி இடுப்புக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று கடைசி வரை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆயுசு அதற்காக ஒன்றும் சலுகை காட்டவில்லை. அடுத்த வீட்டுப் பையன்கள் அப்பாவிடம் அடி வாங்கி அழும்போதுகூட, அடிக்கிற முகம் ஒன்று இருக்கிறதே என்று பொறாமைப்பட்ட பிள்ளை அவர். அந்த அட்டையில் இருந்தவருக்கு வயது முப்பது இருக்கலாம். பழைய படம், இந்த ஊர், குருக்கள். வேறு என்ன வேண்டும்?

அட்டையை எடுத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் போனார். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவள் அட்டையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி அருகே கொண்டுபோனாள். பிறகு, "ஆமாம்டா, அவர்தான்" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முதல் குருக்களுக்கு அப்பா உண்டு.

அட்டையில் இன்னும் சில சங்கதிகள் இருந்தன. கீழே புரியாத எழுத்து நாலு வரி. வலது பக்கம் தொப்பி வைத்த வெள்ளைக்காரி ஒருத்தி. அப்பாவுக்குப் பக்கத்தில் அன்னிய ஸ்திரீ நிற்பது முறையில்லை என்று கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்லி, தங்க அட்டையை அகலமாக வெட்டி மறைத்தது குருக்கள்தான். மறைத்த பிறகு ஒரு விரல் மிஞ்சியது. மிஞ்சிய விரலுக்கு நாளடைவில் ஒரு ஆள் தேவைப்பட்டது. தாசில்தாரில் தொடங்கியது அப்படித்தான். வருஷங்கள் போகப் போக அந்த வெள்ளைக்காரியைக் குருக்கள் மறந்தே போனார். ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவருக்கு அது ஒரு சௌகரியம்.

தினமும் காலையில் உண்ணாமுலை சாமி படங்களுக்குப் பொட்டு வைத்து முடித்ததும் மாமனாருக்கும் சந்தனம், குங்குமம் வைப்பாள். கண்ணாடியில் சரியாக அந்த நெற்றி இருக்கும் இடத்தில், பார்க்காமலே விரல் போய் நிற்கும்.

இப்படி இருக்கையில்தான் ராமகிருஷ்ணன் வந்தார்.

ராமகிருஷ்ணன் கீழ்பென்னாத்தூர்க்காரர். மணிலாக் கொட்டை விளைந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்று, ரமணாசிரமம் தாண்டிச் செங்கம் ரோட்டில் ஒரு கஃபே கட்டியிருந்தார். அதன் பெயர் 'மௌனம்'. வாசலில் ஓடுகிற விளக்குப் பலகையும் உள்ளே நாலு ஸ்பீக்கரும் உண்டு. அந்தக் கஃபேயில் வெளிநாட்டம்மா ஒருத்தர் பழைய படங்களின் கண்காட்சி வைக்கிறார், குத்துவிளக்கு ஏற்ற ஒரு குருக்கள் வேண்டும் என்றார் ராமகிருஷ்ணன்.

அந்த அம்மாவுக்கு பாஸ்போர்ட்டில் பிரிகிட்டா என்று பெயர். ஊருக்கு வந்த மூன்றாம் மாதம் சிவசக்தி ஆகிவிட்டார். கீழைநாட்டு மனிதர்களை மேலைநாட்டுக் கண் எப்படிக் கேவலமாகப் பார்த்தது என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொல்வது அவருடைய வேலை. அதற்காக அவருக்கு ஏதோ ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்து வந்தது.

"வேற ஒரு ஐயரக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன் சாமி. கண்ணாடி போட்டுக்கினு, கையில ஐபோன் வெச்சிருந்தாரு. அந்தம்மா வேணாம்னுட்டாங்க. அசல் முகமா வேணுமாம். எனக்கு உடனே உங்க ஞாபகம் வந்துச்சு."

குருக்கள் தன் அசல் முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பழைய படம் என்றால் தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்று ஆரம்பித்தார். கவர்னர் வந்தார், தீர்த்தம் வாங்கினார், போனார். ராமகிருஷ்ணன் வாய் பிளந்து கேட்டார். எழுந்துபோய்ச் சுவரிலிருந்த படத்தையும் நின்று பார்த்தார். இதைக் கண்டிப்பாகக் கொண்டு வர வேண்டும், மைக்கில் சொல்லி நட்டநடுவில் வைத்துவிடலாம், வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்றார்.

அன்று இரவு குருக்களுக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா யாரென்று இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர், மகன் சொல்லித் தெரிந்தவர்கள். இனி அப்படியில்லை. ஒரு சபையில், விளக்கு வெளிச்சத்தில், இன்னார் என்று பெயர் சொல்லி அப்பாவை நிறுத்தப் போகிறோம். ஒரு பிள்ளை செய்ய வேண்டியதை இத்தனை வயதுக்கு மேலாவது செய்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

உண்ணாமுலைக்குத்தான் படத்தைச் சுவரிலிருந்து இறக்குவதில் அரை மனசு. அடுத்த வாரம் மாமனார் திவசம். அதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும், எவர் கையிலும் கொடுத்துவிடக் கூடாது என்று சொல்லி, துண்டில் சுற்றி மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தாள்.

கார் அனுப்பியிருந்தார்கள். குருக்கள் பஞ்சகச்சம் கட்டி, மடியில் மஞ்சப்பையோடு போய் இறங்கினார். வாசலிலேயே சிவசக்தி அம்மா கும்பிட்டார். கும்பிடு தரைக்கு அருகே போய் வந்தது. அவர் முதல் வேலையாகக் குருக்களின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். பிறகு பையைக் கீழே வைக்கச் சொல்லி, ஒரு பித்தளைக் குடத்தைக் கொடுத்து, இரண்டு கையாலும் நீட்டிப் பிடிக்கச் சொன்னார்.

"சிரிங்க சாமி," என்றார் ராமகிருஷ்ணன். "பல்லு தெரியணுமாம்."

குருக்கள் சிரித்தார். கேமரா பளிச் பளிச்சென்று அடித்தது. அடுத்த கண்காட்சிக்கு போஸ்டர் போட என்று பேசிக்கொண்டார்கள்.

உள்ளே முழங்கால் வரை கதர்ச் சட்டையும் முழங்கை வரை ருத்திராட்சமுமாக ஒரு கூட்டம். குருக்கள் விளக்கேற்றி ஒரு சுலோகம் சொன்னார். அதற்குப் பிறகு சிவசக்தி அம்மா மனிதர்களைப் படமாக்குவதன் வன்முறை பற்றி நீளப் பேசினார். பேச்சில் இரண்டு முறை குருக்களைக் கைகாட்டினார். கூட்டமும் இரண்டு முறை அவரைப் படம் எடுத்துக்கொண்டது.

பேச்சு முடிந்ததும் எல்லாரும் சுவர்களைச் சுற்றி வந்தார்கள். குருக்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மஞ்சப்பையை மார்போடு அணைத்தபடி நடந்தார். அட்டைப் படங்களைக் கதவு உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். முதல் சுவரில் கரிக்கட்டை நிறத்தில் தடித்த உதடு வைத்த ஆப்பிரிக்கர் ஒருவர், ஒரு வெள்ளை ஜாடியைத் தலையில் வைத்து ஆடிக்கொண்டிருந்தார். அடுத்து நீளச் சடை போட்ட சீனர், அதே ஜாடியோடு. அடுத்து தலையில் இறகு செருகியவர் ஒருவர், கோடாலியைக் கீழே போட்டுவிட்டு ஜாடியை முகர்ந்துகொண்டிருந்தார். உலகத்தில் உள்ள எல்லாரும் அந்த ஜாடியைக் கண்டு ஏன் இப்படிப் பல்லைக் காட்டுகிறார்கள் என்று குருக்களுக்கு விளங்கவில்லை.

இரண்டாவது சுவரில் இந்தியா. முதல் படத்தில் ஒரு பாம்பாட்டி.

குருக்கள் நின்றார். அப்பா எதற்குப் பாம்பு பிடிக்கிறார்?

அதே நெற்றி, அதே புருவம், அதே பற்கள். பக்கத்துப் படத்தில் அப்பா யானைமேல் உட்கார்ந்து அங்குசத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். அதற்கடுத்ததில் ஒரு துரைக்குக் குடை பிடித்தார். அதற்கடுத்ததில் புலியைக் கண்டு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். அந்தப் பயத்திலும் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசிப் படத்தில் வெங்காயக் கோபுரம்; அப்பா நீட்டியது குடமில்லை, அதே ஜாடி.

தங்க அட்டை மறைத்திருந்ததெல்லாம் இப்போது கதவு உயரத்துக்கு நின்றது. தொப்பி வைத்த வெள்ளைக்காரி நின்றாள். அவளுடைய கையுறை விரல், ஜாடியை வாங்க அல்ல, ஜாடியை நீட்டுகிறவனைக் காட்டிச் சிரிப்பதற்காக நீண்டிருந்தது. அப்பாவின் காலில் மூக்கு வளைந்த செருப்பு. கோயிலில் செருப்போடு நிற்கிற குருக்கள்.

குருக்கள் ராமகிருஷ்ணனைத் தேடிப் பிடித்து, ஜாடியில் என்ன என்று கேட்டார். ராமகிருஷ்ணன் படத்துக்குக் கீழே தமிழில் ஒட்டியிருந்ததை உதடு அசையப் படித்தார்.

"கறிங்க சாமி."

"என்ன கறி?"

"மாடுங்க. எலும்பும் கறியும் போட்டுக் காய்ச்சிக் காய்ச்சி, பசையாட்டம் கருப்பா எடுத்து ஜாடியில அடைச்சு விப்பாங்களாம். வாங்கறவங்க வூட்டுப் பிள்ளைங்களுக்கு இந்தப் படத்த சும்மா குடுப்பாங்களாம், சேர்த்து வெச்சுக்கறதுக்கு." கீழேயிருந்த நாலு வரியைக் காட்டினார். "இதுல, 'பிராமணரே சொல்கிறார், இதைவிடச் சுத்தமானது உலகில் இல்லை'னு போட்டிருக்குதாம். அவங்க ஊர்ல சிரிக்கறதுக்கு."

குருக்கள் மஞ்சப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். சட்டத்தின் மூலை விலாவில் குத்தியது. அந்தக் காளைத் தலைக்கு அவர் பிரதோஷந்தோறும் தனியாக ஒரு கற்பூரம் காட்டியிருக்கிறார்.

அதற்குள் மைக் அவர் முன்னால் வந்துவிட்டது. சிவசக்தி அம்மா கண்ணில் நீர் தளும்ப ஏதோ கேட்டார். இந்தப் படங்களைப் பார்க்கையில் உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது என்று ராமகிருஷ்ணன் அதைத் தமிழாக்கினார். கூட்டம் அமைதியாயிற்று. அந்தக் கஃபே கட்டியதிலிருந்து முதல் முறையாக அதன் பெயருக்கு ஏற்ற மாதிரி இருந்தது.

குருக்களுக்கு ஒன்றுதான் தோன்றியது. அதைக் கேட்டார்.

"எல்லாம் ஒரே முகமா இருக்கே. நிஜமா அப்படி ஒருத்தர் இருந்தாரா?"

ராமகிருஷ்ணன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் ஒரே முகம், உண்மையில் யாராவது இருந்தார்களா என்று ஒரு தாடிக்காரர் தனக்குத்தானே திரும்பச் சொல்லிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கைதட்டல். இதைத் தேடித்தானே இத்தனை தூரம் வந்தோம் என்பது போல ஒரு பெண் குருக்களின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேள்வி என்றே யாருக்கும் படவில்லை.

ராமகிருஷ்ணனுக்கு மட்டும் பட்டிருக்க வேண்டும். அவர் போய் சிவசக்தி அம்மாவிடம் தனியாகப் பேசிவிட்டு வந்தார்.

"இல்லையாம் சாமி. வரைஞ்சவரு அவரு ஊரத் தாண்டினதே இல்லையாம். எங்கியோ சர்க்கஸ்ல ஒரு ஆளப் பார்த்து ஒரு மூஞ்சி போட்டு வெச்சிக்கினாராம். இந்தியான்னா அதையே எடுத்து ஒட்டிடுவாராம்." பிறகு ஞாபகம் வந்தவராக, "ஆங், உங்கப்பா படம் கொண்டாந்தீங்களா? மைக்ல சொல்லிடறேன்" என்றார்.

"மறந்துட்டேன்" என்றார் குருக்கள்.

ராமகிருஷ்ணன் மஞ்சப்பையைப் பார்த்தார். நாலு மூலையும் துருத்திக்கொண்டிருந்தது. அவர் கண் அங்கிருந்து சுவருக்குப் போய், வெங்காயக் கோபுரத்தில் நின்று, மறுபடி பைக்கு வந்தது. விளக்குப் பலகை வைத்து மௌனம் விற்கிற மனுஷர், அன்றைக்கு நிஜமாகவே ஒரு வார்த்தை பேசாமல் மைக்கின் பொத்தானை அணைத்தார்.

திரும்பும்போது காரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். பாதி தூரத்தில், ரோட்டைப் பார்த்தபடியே, தன் அப்பாவுக்கும் படம் என்று ஒன்றும் கிடையாது, ரேஷன் கார்டில் இருந்ததும் மழைத் தண்ணி பட்டு முகம் போய்விட்டது என்றார். "காதும் துண்டும் மட்டும் தெரியும் சாமி. அதத்தான் பெருசு பண்ணி ஹால்ல மாட்டி வெச்சிருக்கேன்."

குருக்கள் இறங்கும்போது, எப்போதும் ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி கையைத் தூக்காமல், ராமகிருஷ்ணனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் உண்ணாமுலை பையைத்தான் முதலில் வாங்கினாள். படம் பத்திரமாக இருந்தது. அதோடு கஃபேயில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த ஒரு காகிதப் பையும் இருந்தது. குருக்கள் கை கால் கழுவப் போயிருந்த நேரத்தில் அவள் அதைப் பிரித்துவிட்டாள். உள்ளே ஒரு சோப்பு, ஒரு ஊதுபத்தி, ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் படம் ஒன்று. கேவலப்படுத்திய படங்களைக் கண்டித்து நடத்திய கண்காட்சியில், அதே படங்களைச் சின்னதாக்கி ஞாபகப் பொருளாகக் கொடுத்திருந்தார்கள்.

குருக்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது உண்ணாமுலை காந்தத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பழக்க தோஷத்தில் ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டும் இருந்தாள்.

"ஏன்னா, மாமனார் எதுக்குப் பாம்போட இருக்கார்?"

அவர் ஊஞ்சலில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். ஜாடியைச் சொன்னார், மாட்டைச் சொன்னார், செருப்பைச் சொன்னார். மரத்தில் ஏறினதையும் சொன்னார். கடைசியாக, அப்படி ஒருத்தர் இருந்ததே இல்லையாம் என்றார்.

மாடு என்று கேட்டதும் உண்ணாமுலை இரண்டடி பின்னால் போயிருக்க வேண்டும். அவள் போகவில்லை. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா சொன்னாளே," என்றார் குருக்கள். "புரை இருந்தா என்ன, புருஷன் முகம் தெரியாதா? அவர்தான்னு சொன்னாளே."

"அம்மா எப்போ அவர் முகத்தைப் பார்த்தா?"

அவர் நிமிர்ந்தார்.

"கல்யாணம் ஆறச்சே அம்மாவுக்குப் பதிமூணு. அவர் போறச்சே இருபது ஆகலை. வீடு நிறைய மாமியார், ஓர்ப்படி, நாத்தனார். பகல்ல எதிர்ல வந்தா ஒதுங்கி நிக்கணும், நிமிரப்படாது. ராத்திரி விளக்கு கிடையாது. இருமலை வெச்சுத் தெரியும், காலை வெச்சுத் தெரியும்னு சொல்லியிருக்கா என்கிட்ட. இடது கால்ல சுண்டு விரல் மேல ஏறி இருக்குமாம். அது ஒண்ணுதான் அவளுக்கு நன்னா ஞாபகம் இருந்தது."

"பின்னே ஏன் அவர்தான்னா?"

"நீங்க அந்த அட்டையை வெச்சுண்டு எப்படி நின்னேளோ. 'இல்லைன்னு சொல்ல வாய் வரலைடி'ன்னா அம்மா. ஆமாம்னு சொல்லிட்டு, சொன்னதுக்கப்புறம் தானும் நம்பிண்டா. அவளுக்கும் ஒரு முகம் வேண்டியிருந்ததோ என்னவோ."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அம்மா குருக்களின் கண்ணில் வந்து போனாள். புருஷனை நினைத்து அழுகிறாள் என்றுதான் அன்று எண்ணினார். நினைக்க ஒன்றும் கிடைக்காமல் அழுதிருக்கிறாள்.

"உனக்குத் தெரிஞ்சுமா இத்தனை வருஷம் பொட்டு வெச்சே?"

"மாட்டு ஜாடின்னு தெரியாது. வேற யாரோன்னு தெரியும்." உண்ணாமுலை காந்தத்தை முந்தானையால் துடைத்தாள். எதற்குத் துடைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை போல, பாதியில் நிறுத்தினாள். "கார்த்தால எழுந்ததும் நீங்க அங்க போய் நின்னு ரெண்டு வார்த்தை பேசுவேள். கரெண்ட் பில் கட்டியாச்சுன்னுகூடச் சொல்லுவேள். அதைக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்."

அன்று இரவு அவள் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மறுநாள் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. துண்டோடு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. சுவரில் அது இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது. காலையில் உண்ணாமுலை சாமி படங்களுக்குப் பொட்டு வைத்து முடித்து, அந்தச் சதுரத்துக்கு முன்னால் வந்து, குங்குமம் தோய்ந்த விரலோடு ஒரு கணம் நின்றாள். பிறகு விரலைத் தன் வகிட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அக்கம்பக்கத்தில் படம் எங்கே என்று கேட்டவர்களுக்குச் சட்டத்தில் கரையான் பிடித்துவிட்டது என்று சொன்னார்கள். கவர்னரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷமும் யாரும் நம்பியிருக்கவில்லை என்பதும் குருக்களுக்கு அந்த வாரத்தில்தான் தெரிந்தது.

திவசத்தன்று வாத்தியார் காலையிலேயே வந்துவிட்டார். பிரதோஷுக்கு லீவு கிடைக்கவில்லை. குருக்கள் ஈர வேஷ்டியோடு மனையில் உட்கார்ந்தார். தர்ப்பையை முடிந்து வாத்தியார் மூன்று தலைமுறைக்கும் இடம் போட்டார். இதற்குப் படம் எதுவும் வேண்டாம். கோத்திரம், பெயர், ரூபம், அவ்வளவுதான். அப்பாவுக்கு வசு ரூபம், தாத்தாவுக்கு ருத்ர ரூபம், கொள்ளுத்தாத்தாவுக்கு ஆதித்ய ரூபம் என்று மந்திரமே முகம் கொடுத்துவிடுகிறது. எத்தனையோ பேருக்கு நடத்தி வைத்த காரியம். இதில் தனக்கு என்ன கஷ்டம் என்று குருக்கள் எண்ணிக்கொண்டார்.

கண்ணை மூடினார். கொள்ளுத்தாத்தாவைப் பெயர் சொல்லி அழைத்தார். அவர் முகமில்லாமல், ஒரு தொந்தரவும் இல்லாமல், பெயராகவே வந்து தர்ப்பையில் அமர்ந்தார். தாத்தாவும் அப்படியே.

அப்பாவின் பெயரைச் சொன்னார்.

அந்தப் பற்கள் வந்தன. பட்டை விபூதி, தூக்கிய புருவம், இரண்டு கையிலும் ஜாடி. குருக்கள் இமையை இறுக்கினார். இடது கால் சுண்டு விரலை நினைத்துப் பார்த்தார். எப்போதோ கேட்டிருக்க வேண்டிய இருமலை நினைத்துப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. முப்பது வருஷமாகத் தினமும் காலையில் கூப்பிட்டுப் பேசின ஆள்தான் முதல் ஆளாக, சிரித்தபடி, வளைந்த செருப்போடு வந்து நின்றான். வேறு யாரும் அவனுக்குப் பின்னால் இல்லை.

"உட்காரச் சொல்லுங்கோ" என்றார் வாத்தியார். குருக்கள் பேசாமல் இருப்பதைப் பார்த்து, மந்திரம் மறந்துவிட்டதாக நினைத்து, மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

கதவோரத்தில் நின்ற உண்ணாமுலைக்குப் புரிந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குருக்கள் எள்ளும் தண்ணீரும் எடுத்தார். மரத்தில் ஏறினவனை, குடை பிடித்தவனை, பாம்புக்கு ஊதினவனை, ஒருநாளும் ஒருவருக்கும் அப்பாவாக இல்லாத அந்த ஆளைப் பார்த்து, "இங்கே உட்காருங்கோ" என்றார். தண்ணீர் விரலிடுக்கில் இறங்கித் தர்ப்பையில் விழுந்தது.